பிள்ளையிடம் சத்தியம் வாங்காதீர்கள்

சித்திரை வெயில் பல்லடத்தில் எப்படியிருக்கும் என்று இம்மடலைப் படிக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் முழுக்கைச் சட்டையணிந்து, மணிக்கட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு, ஒரு பிள்ளை புறநோயாளர் பிரிவின் நாற்காலியில் தலைகுனிந்து அமர்ந்திருந்தால், அது எதற்காக வந்திருக்கிறது என்பதை நான் பெரும்பாலும் ஊகித்துவிடுவேன். அருகில் அழுது சிவந்த கண்களுடன் தாய் இருப்பார். கையைக் கட்டியபடி தகப்பனார் சுவரோரம் நிற்பார்.

அப்படி வந்த ஒரு குடும்பத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன். உண்மையில் அது ஒரு குடும்பமன்று. பல ஆண்டுகளில் நான் கண்ட பலரின் செய்திகளைக் கலந்து, அடையாளங்களை மாற்றியே தந்திருக்கிறேன். தகப்பனார் விசைத்தறி ஓட்டுபவர். தாய் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குச் செல்பவர். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். எண்ணெய் தேய்த்துவிடக் கையை நீட்டச் சொன்னபோது, முழங்கைக்குக் கீழே வரிவரியாக இருந்த பழைய, புதிய தழும்புகளைத் தாய் பார்த்துவிட்டார். "கேட்டதையெல்லாம் வாங்கிக் குடுத்தமுங்க டாக்டர். இவளுக்கு என்னங்க கொறை?" என்றார் தகப்பனார். "எங்க புள்ள சாகறதுக்குப் பாத்துச்சுங்களா?" என்று தாய் கேட்டார். உடன் வந்திருந்த தாய்மாமன் வெளியே சென்று, பிறகு தனியாக என்னிடம் வந்து, "லவ்வு கிவ்வு ஏதாச்சும் இருக்குமுங்களா?" என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

இம்மூன்று கேள்விகளும் ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களும் கேட்பவையே. முன்முடிவின்றி ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியே பேசித்தான் விடை காண வேண்டும். எனினும் நான் காண்பவர்களுள் பெரும்பாலோர் சாக நினைத்தவர்கள் அல்லர். காதலுக்காகச் செய்தவர்களும் அல்லர். சாகும் எண்ணமின்றி, தம் உடலைத் தாமே வேண்டுமென்றே காயப்படுத்திக்கொள்வதை மருத்துவம் தற்கொலை நோக்கமற்ற சுயகாயம் என்று தனியே பெயரிட்டு அழைக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்னும் நோய்வகைப்பாட்டு நூல், இதனை மேலும் ஆராயப்பட வேண்டிய நிலைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஓராண்டுக்குள் 5 அல்லது அதற்கு மேற்பட்ட நாள்களில் இது நிகழ்ந்திருப்பது அந்நூல் தரும் அளவுகோல்களுள் ஒன்று. இது அரிதானதன்று. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான கட்டுரையொன்று, வளரிளம் பருவத்தினருள் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர் வாழ்வில் ஒருமுறையேனும் இதனைச் செய்துள்ளதாகக் கணக்கிட்டது. ஆறு பேருக்கு ஒருவர். ஒரு வகுப்பறையின் ஒவ்வொரு பெஞ்சையும் மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள்.

நம் ஊரில் இதனைப் புரிந்துகொள்வதற்கு இரண்டு குழப்பங்கள் தடையாக நிற்கின்றன. தைப்பூசத்துக்கு அலகு குத்திக்கொண்டு பழனிக்கு நடப்பவரையும், மாரியம்மன் கோயிலில் பூமிதிப்பவரையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். உடலை வருத்திக்கொள்வது நமக்குப் புதிதன்று. ஆனால் அங்கே ஊர் சூழ்ந்து நிற்கிறது, நேர்த்தி இருக்கிறது, முடிந்ததும் திருநீறும் விருந்தும் உண்டு. அர்மாண்டோ ஃபவாசா என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1987-இல் எழுதிய நூலில், சமூகம் ஏற்றுக்கொண்ட சடங்குகளையும் இவ்வகைக் காயங்களையும் வேறுபடுத்திக் காட்டினார். தாழிட்ட அறைக்குள் யாரும் அறியாமல், பின்னர் வெட்கத்துடன் மறைக்கப்படுவது இது. மற்றொரு குழப்பம் திரைப்படம் தந்தது. இரத்தத்தில் கடிதம் எழுதும் காதலர்களை எத்தனை படங்களில் பார்த்திருக்கிறோம்! அதனால்தான் தாய்மாமனுக்கு முதலில் அந்த ஐயம் எழுந்தது. அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை.

அப்படியாயின் ஏன் செய்கிறார்கள்? இதற்கு அந்தப் பெண்ணே விடை சொன்னாள். "மனசுக்குள்ள பத்துத் தறி ஒரே நேரத்துல ஓடுற மாதிரி இருக்குமுங்க. அதச் செஞ்சா கரண்டு போன மாதிரி அமைதியாயிரும். கொஞ்ச நேரந்தானுங்க. அப்பறம் என்னைய எனக்கே புடிக்காது." தறிச்சத்தத்திலேயே வளர்ந்த பிள்ளை சொன்ன இந்த உவமையை எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை. தாங்கவொண்ணாத உணர்ச்சிக் கொந்தளிப்பை ஒரு கணம் நிறுத்துவதற்கே பெரும்பாலோர் இதனை நாடுகின்றனர். வலி வந்து விலகும்போது மூளையில் ஒரு தற்காலிக ஆறுதல் உண்டாகிறது என்றும், உடலே சுரக்கும் வலிதணிப்புப் பொருள்களுக்கு அதில் பங்கிருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஆனால் அந்த ஆறுதலுக்கு ஆயுள் மிகக் குறைவு. அது கழிந்ததும் வெட்கமும் குற்றவுணர்வும் வந்து, மனம் முன்பைவிடக் கனத்துப்போகிறது. அந்தக் கனமே அடுத்த முறைக்குக் காரணமாகிறது. வட்டிக்கு வாங்கி வட்டி கட்டுவது போன்ற நிலை இது. வேறு சிலர் தம்மைத் தண்டித்துக்கொள்ளச் செய்கின்றனர். எதையுமே உணர முடியாத மரத்துப்போன நிலையிலிருந்து வெளியேறச் செய்வோரும் உள்ளனர்.

"பிறர் கவனத்தை ஈர்க்கத்தானே இந்த நாடகம்?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். கவனம் வேண்டுபவர் எதற்காகக் கோடையில் முழுக்கை அணிய வேண்டும்? வேல்ஸ் இளவரசி டயானா 1995 நவம்பரில் பிபிசி தொலைக்காட்சிக்கு அளித்த பேட்டியில், தம் கைகளையும் கால்களையும் காயப்படுத்திக்கொண்டதை உலகறியச் சொன்னார். உலகத்தின் கேமராக்கள் முழுவதும் தம்மீதே திரும்பியிருந்த ஒருவருக்குக் கவனத்துக்கா பஞ்சம்? ஒருவேளை ஒரு பிள்ளை பிறர் காணவே செய்திருந்தாலும், வாயால் சொல்ல இயலாததைத் தோலால் சொல்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஆண் பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சுவரைக் குத்தி விரல்கணு வீங்கி வரும் பையனை எலும்பு முறிவுப் பிரிவில் கட்டுப்போட்டு, "கோவக்காரப் பய" என்று சிரித்து அனுப்பிவிடுகிறோம். அவனுக்குள்ளும் அதே தறிதான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று யாரும் ஐயுறுவதில்லை.

2017-ஆம் ஆண்டு உங்களுள் பலருக்கு நினைவிருக்கும். நீலத்திமிங்கலம் என்ற இணைய விளையாட்டு பற்றிய பேச்சு நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் மதுரைப் பகுதியில் ஒரு கல்லூரி மாணவர் இறந்ததும் தமிழ்நாட்டிலும் அச்சம் பற்றிக்கொண்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே முன்வந்து வழக்கெடுத்தது. பிள்ளைகளின் கைகளைப் பெற்றோரும் ஆசிரியரும் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில், அவ்வாறு சொல்லப்பட்ட மரணங்கள் எதிலும் அவ்விளையாட்டின் பங்கு நிறுவப்படவில்லை என்று நடுவண் அரசு மக்களவையில் தெரிவித்தது. விளையாட்டு பற்றிய அச்சம் அடங்கியதும் கைகளைப் பார்ப்பதையும் நாம் நிறுத்திவிட்டோம். அந்தச் சில வாரங்களில் எத்தனையோ கைகளில் தழும்புகள் கண்ணில் பட்டிருக்கும். அவற்றுக்குக் காரணம் செல்போன் அன்று என்று தெரிந்த பிறகு, வேறு என்ன காரணம் என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. வரிசையில் நிறுத்திச் சட்டைக்கையை மடக்கச் சொல்வதும், தழும்பு கண்டால் பெற்றோரை அழைத்து மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுப்பதும் இன்னும் சில இடங்களில் நடக்கின்றன. பள்ளியில் உறவாடி மகிழும் தோழியரையும் இழந்துவிட்ட பிள்ளைக்கு, அதன்பின் பற்றிக்கொள்ள என்ன மிச்சமிருக்கும்?

இனி என் முதன்மையான கருத்துக்கு வருகிறேன். காயத்தைக் கண்டதும் நம் வீடுகளில் முதலில் நடப்பது சத்தியம் வாங்குவதுதான். "உங்கப்பன் தலைமேல கைய வெச்சு இனிமே செய்ய மாட்டேன்னு சொல்லு." பிள்ளையும் அழுதுகொண்டே செய்துகொடுக்கும். அந்தக் கணத்தில் அது பொய்யன்று, மனமாரத்தான் சொல்கிறது. ஆனால் கொந்தளிப்பைத் தாங்க வேறு வழி ஒன்றையும் நாம் அதற்குக் கற்றுத்தரவில்லை. இரண்டு வாரத்தில் மீண்டும் ஒருமுறை நேர்ந்துவிடுகிறது. இப்போது பழைய துயரத்துடன், தகப்பன் தலைமேல் அடித்த சத்தியத்தை மீறிய பாவமும் சேர்ந்துகொள்கிறது. அப்பாவுக்கு ஏதேனும் ஆகிவிடுமோ என்ற அச்சம் வேறு. விளைவு என்ன? இனி யாரிடமும் சொல்லாது. கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்கு மாறும். சத்தியம் வாங்கிய வீடுகளில் அடுத்த காயத்தை நாங்கள் மிகத் தாமதமாகத்தான் அறிகிறோம். எனவேதான் சொல்கிறேன், சத்தியம் வாங்காதீர்கள். அதற்கு மாறாக, "மறுபடியும் அப்படித் தோணுச்சுன்னா என்னை எழுப்பு கண்ணு, ராத்திரி எத்தனை மணியானாலும் பரவால்ல" என்று ஒரு வாக்கு நீங்கள் கொடுங்கள். வாக்குக் கொடுக்க வேண்டியவர் பெற்றவர், பிள்ளையன்று.

இதனை எழுதும்போது மருத்துவர்களாகிய எங்களை மட்டும் விலக்கிவைப்பது நேர்மையாகாது. நான் பயிற்சி மருத்துவனாக இருந்த காலத்தில், ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில், இதேபோன்ற காயத்துடன் ஒரு இளைஞன் வந்தான். மூத்த மருத்துவர் ஒருவர், "இவனுக்கு எதுக்கு மரத்துப்போற ஊசி? வலிச்சாத்தான் புத்தி வரும்" என்று சொல்லியபடியே தையலிட்டார். தட்டை ஏந்தியபடி நான் அருகில் நின்றேன். ஒன்றும் பேசவில்லை. அவன் கத்தவுமில்லை. முகட்டைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். கட்டு மாற்ற மறுபடி வரச் சொல்லியிருந்தோம், அவன் வரவேயில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த முகத்தை நான் மறக்கவில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2004-இல் வெளியிட்ட வழிகாட்டி, சுயகாயத்துடன் வருவோருக்கும் போதிய மரப்பு மருந்து தரப்பட வேண்டும் என்று எழுத்தில் சொல்ல வேண்டியிருந்தது. அப்படியானால் இது ஏதோ ஓர் ஊரின், ஒரு மருத்துவரின் குற்றம் மட்டுமன்று. 2022-இல் வந்த அதன் புதிய வழிகாட்டியும் தண்டிக்கும் அணுகுமுறை கூடவே கூடாது என்கிறது. நம் மருத்துவமனையில் யாரேனும் உங்கள் பிள்ளையிடம் அவ்வாறு பேசினால் தயங்காமல் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

காவல்துறைக்குப் போய்விடுமோ என்று அஞ்சி, "கண்ணாடி குத்திருச்சுங்க" என்று சொல்லும் குடும்பங்களும் உண்டு. சாகும் நோக்கமற்ற காயம் தற்கொலை முயற்சியே அன்று. அதுமட்டுமன்றி, தற்கொலைக்கு முயன்றவரைக் கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு கூறுகிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. ஆகவே உண்மையைச் சொல்லுங்கள். உண்மை தெரிந்தால்தான் சரியான மருத்துவம் பார்க்க இயலும்.

மருத்துவம் என்றதும் மாத்திரையை எதிர்பார்க்கிறார்கள். சுயகாயத்துக்கென்றே தனி மாத்திரை ஏதுமில்லை. மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை போன்றவை கூடவே இருந்தால் அவற்றுக்கு மருந்து தருவோம். முதன்மையான மருத்துவம் பேச்சின் வழியேதான். இத்துறையில் ஒரு பெயரை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்: மார்ஷா லினஹன். 1961-இல், பதினேழு வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரிலுள்ள ஒரு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். தம்மைத் தாமே கடுமையாகக் காயப்படுத்திக்கொண்டவர். பின்னாளில் உளவியலில் பட்டம் பெற்று, தம்மைப் போன்றோருக்காகவே டி.பி.டி. எனப்படும் இயங்கியல் நடத்தைச் சிகிச்சையை உருவாக்கினார். அதன் பயனைக் காட்டும் முதல் பெரிய ஆய்வு 1991-இல் வெளியானது. தம் கதையை அவர் பொதுவெளியில் சொன்னது 2011-இல், தாம் நோயாளியாகக் கிடந்த அதே மருத்துவமனையில் நின்று. ஐம்பது ஆண்டு மௌனம்! இத்துறையில் உலகப் புகழ் பெற்றவருக்கே அத்தனை காலம் ஆனதென்றால், பிளஸ் டூ படிக்கும் பிள்ளை நம்மிடம் உடனே சொல்லவில்லையே என்று நாம் கோபிப்பது எந்த வகையில் நியாயம்?

அச்சிகிச்சை கற்பிப்பவை திறன்கள். கொந்தளிப்பு எழும்போது அதனை அடையாளம் காண்பது, அதை மேலும் மோசமாக்காமல் தாங்கிக் கடப்பது, உணர்ச்சிகளுக்குப் பெயரிட்டு ஒழுங்குபடுத்துவது, வேண்டியதை வேண்டியவரிடம் கேட்கவும் வேண்டாததை மறுக்கவும் பழகுவது. காயப்படுத்தும் உந்துதல் அலையைப் போன்றது. உச்சிக்குச் சென்று தானே தணியும். அந்த இடைவேளையைக் கடத்துவதற்குக் குளிர்ந்த நீரில் முகத்தை அமிழ்த்துவது, படியேறி இறங்குவது, ஒருவருடன் பேசிக்கொண்டிருப்பது என்று அவரவர்க்கு ஒத்துவருவதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். எங்கள் பெண்ணின் தாளில் முதல் வரியாக இருந்தது, "தொட்டியில தண்ணி மோந்து மூஞ்சி கழுவறது." நடந்த நிகழ்வைக் கண்ணி கண்ணியாகப் பின்னோக்கிச் சென்று பார்ப்பதும் இச்சிகிச்சையின் ஒரு பகுதி. அப்படிப் பார்த்தபோதுதான், அவள் காயங்களில் பெரும்பாலானவை மாதிரித் தேர்வு மதிப்பெண் வந்த இரவுகளிலோ தகப்பனார் இரவு ஷிஃப்டுக்குப் போகும்முன் ஏசிய இரவுகளிலோ நேர்ந்தவை என்று தெரிந்தது. அவருக்கே அது தெரியாது. பன்னிரண்டு மணிநேரம் தறிமேடையில் நிற்பவர். சத்தத்துக்கு மேல் சத்தமாகப் பேசிப் பழகியவர். வீட்டிலும் அந்தக் குரலே வந்துவிடுகிறது. இதனைக் குற்றச்சாட்டாக நான் சொல்லவில்லை. அவர் குரலைத் தாழ்த்தக் கற்றுக்கொண்டதும் அச்சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

இச்சிகிச்சையை முழு வடிவில் தருவதற்குப் பயிற்சி பெற்றவர்கள் பெருநகரங்களிலேயே சிலர்தான் உள்ளனர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் இங்கே வழியில்லை என்று பொருளன்று. திறன்களைச் சிறிது சிறிதாகக் கற்பிக்க ஒரு உளவியலாளரும் பொறுமையும் போதும். சில மாதங்கள் ஆகும். இடையில் ஓரிரு முறை சறுக்கல் வரும். அப்போது "எல்லாம் வீண்" என்று நிறுத்திவிடாதீர்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையாயின், எதைப் பெற்றோரிடம் சொல்வேன், எதைச் சொல்லமாட்டேன் என்பதை முதல் நாளே பிள்ளையின் முன்னிலையில் தெளிவாக்கிவிடுவேன். உயிருக்கு ஆபத்து என்று கருதினால் கட்டாயம் சொல்வேன். மற்றவற்றை நீங்கள் துருவிக் கேட்காதிருந்தால் அதுவே பேருதவி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஏறத்தாழ 1,900 வளரிளம் பருவத்தினரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2012-இல் வெளியான ஆய்வில், அவ்வாறு செய்துகொண்டிருந்தோருள் பத்தில் ஒன்பது பேர் இளமைப் பருவம் எய்தியபோது அதனை விட்டிருந்தனர். விட்டவர்கள் பலருக்கும் உள்ளிருந்த துயரம் வேறு வடிவில் தொடரக்கூடும் என்பதால், தானாகவே சரியாகிவிடும் என்று காத்திருக்க நான் சொல்லமாட்டேன்.

மேலும் ஒன்று. சாகும் எண்ணமில்லை என்பதனால் அலட்சியம் கூடாது. சுயகாயம் செய்வோருக்குப் பிற்காலத்தில் தற்கொலை முயற்சிக்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். "வாழப் பிடிக்கவில்லை", "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்பன போன்ற பேச்சு, காயங்கள் திடீரென ஆழமாவது, விரும்பிய பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, யாரோடும் ஒட்டாமல் ஒதுங்குவது ஆகியவற்றைக் கண்டால் அன்றே அழைத்து வாருங்கள். விடியட்டும் என்று காத்திராதீர்கள். "சாகணும்னு தோணுதா கண்ணு?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. தோட்டத்து வீடுகளில் பூச்சிமருந்தையும், எல்லா வீடுகளிலும் மீந்துபோன மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். இரவு நேரமாயின் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, நாள் முழுவதும் இயங்கும், தமிழில் பேசலாம். வடமாநிலங்களிலிருந்து இங்கே வேலைக்கு வந்திருப்போர் தம் மொழியிலும் பேச இயலும். 104 எண்ணும் உண்டு. 1986 முதல் சென்னையில் இயங்கிவரும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. குழந்தைகளுக்கு 1098. இப்பக்கத்தைக் கிழித்துக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டிவைத்தாலும் எனக்கு மகிழ்ச்சியே.

பெற்றோர் கடைசியாகக் கேட்பது தழும்பைப் பற்றி. அந்தத் தாயும் கேட்டார், நான்காவது மாதத்தில், மகள் வெளியே தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது. "நாளைக்குப் பொண்ணுப் பாக்க வர்றவங்க கேட்டா என்னங்க சொல்றது?" புதிய தழும்புகள் காலப்போக்கில் மங்கும், களிம்பும் வெயில்காப்பும் ஓரளவு உதவும், தோல் மருத்துவரிடம் அனுப்புகிறேன் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் மகள் திரும்பி வந்துவிட்டாள். கேட்டிருக்க வேண்டும். "கேட்டா நான் சொல்லிக்கிறேன்மா" என்றாள். அன்று வைகாசி வெயில். சட்டையின் கை முழங்கை வரை மடிக்கப்பட்டிருந்தது.